முப்பது வயதில் நின்ற இடக்கை

1966ஆம் ஆண்டு நவம்பர் 18ஆம் நாள் கலிபோர்னியாவின் பெவர்லி ஹில்ஸ் நகரில், பெவர்லி வில்ஷயர் விடுதியில், ஒருவர் பத்திரிகையாளர்களை அழைத்துத் தாம் இனிப் பேஸ்பால் ஆடப்போவதில்லை என்று அறிவித்தார். முப்பத்தொரு வயது நிறைய அவருக்கு இன்னும் ஆறு வாரங்கள் இருந்தன. அவ்வாண்டில் 27 ஆட்டங்களை வென்று, தலைசிறந்த பிட்சருக்கான சை யங் விருதை மூன்றாம் முறையாக ஒருமனதாகப் பெற்றவர் அவர். ஏன் என்று கேட்டவர்களுக்கு அவர் தந்த விடையின் சாரம் இவ்வளவே: ஆட்டத்துக்குப் பிறகும் வாழவேண்டிய ஆண்டுகள் பல இருக்கின்றன, அவற்றை உடல் முழுவதும் தமக்குப் பயன்படும் நிலையில் வாழ விரும்புகிறார்.

சாண்டி கோஃபாக்ஸ் என்னும் அந்த இடக்கை வீச்சாளரைப் பற்றி அமெரிக்காவில் எழுதப்பட்டவை ஏராளம். அவற்றுட் பல ஒரே தொனியில் வந்து முடிகின்றன. உச்சியில் நின்றவனை விதி இழுத்துக் கீழே தள்ளிவிட்டதாம். இன்னும் ஐந்தாண்டுகள் ஆடியிருந்தால் எத்தனை சாதனைகள் என்கிற ஏக்கப் பெருமூச்சு. இந்தப் பெருமூச்சோடு நமக்கு உடன்பாடில்லை. அவர் நிறுத்தியதில் துயரம் ஏதும் இருப்பதாக நாம் கருதவில்லை. நிறுத்துவதற்கு முந்தைய இரண்டாண்டுகளில் அந்தக் கைக்கு என்ன நேர்ந்தது, அதை யார் யார் பார்த்துக் கைதட்டினார்கள் என்பதில்தான் துயரம் இருக்கிறது. அந்தக் கைதட்டலில் நம்முடைய ஓசையும் கலந்திருப்பதால் இதை எழுத நேர்கிறது.

பேஸ்பால் நமக்குப் பழக்கமில்லாத ஆட்டம். ஆகவே ஒரு சில சொற்கள். பிட்சர் என்பவர் ஒரு மண்மேட்டின் மீது நின்று, அறுபதடி ஆறங்குலத் தொலைவில் மட்டையோடு நிற்பவரை நோக்கிப் பந்தை எறிகிறார். பந்து தரையிற் படாது. நேரே கேட்சரின் கையுறைக்குள் போய் விழவேண்டும். கிரிக்கெட்டில் முழங்கையை மடக்கி எறிவது குற்றம். இங்கே அதுவே தொழில். முழங்கை மடங்கி, ஒரு சாட்டையைப் போலச் சொடுக்கி நிமிரும் ஒவ்வொரு முறையும் பந்துக்கு வேகமும் வளைவும் கிடைக்கின்றன. அதற்கான விலையை மூட்டு கொடுக்கிறது. கோஃபாக்ஸின் காலத்தில் ஒரு பிட்சர் நான்கு நாட்களுக்கு ஒருமுறை மேடேறி, இயன்றவரை ஒன்பது இன்னிங்ஸையும் தாமே எறிந்து முடிப்பார். எத்தனை பந்து எறிந்தார் என்று கணக்குப் பார்த்து அவரை இறக்கும் வழக்கம் அன்று வேரூன்றவில்லை. 1965, 1966 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் கோஃபாக்ஸ் 41 ஆட்டங்களைத் தொடங்கினார். ஆண்டுக்கு 27 ஆட்டங்களை இறுதிவரை தாமே எறிந்து முடித்தார். இன்றைய பேஸ்பாலில் இவ்வெண்கள் புராணக் கணக்குப் போலத் தோன்றும்.

அவருடைய தொடக்கம் புராணம் போன்றதன்று. 1935 டிசம்பர் 30இல் நியூயார்க்கின் புரூக்ளினில் யூதக் குடும்பமொன்றில் பிறந்தார். பெற்றோர் பிரிந்தபின் தாயார் மணந்துகொண்ட வழக்கறிஞர் இர்விங் கோஃபாக்ஸின் பெயரே அவர் பெயராயிற்று. பள்ளியில் அவர் விரும்பி ஆடியது கூடைப்பந்து. சின்சினாட்டி பல்கலைக்கழகத்துக்குப் போனதும் அதன் பொருட்டே. கட்டடக் கலைஞராக வேண்டும் என்பது ஆசை. 1954ஆம் ஆண்டு இறுதியில் புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணியினர் 6,000 டாலர் சம்பளமும் 14,000 டாலர் முன்தொகையும் கொடுத்து அவரை ஒப்பந்தம் செய்துகொண்டனர்.

இங்கேதான் முதற் சிக்கல். முன்தொகையாக 4,000 டாலருக்கு மேல் பெற்ற புதியவரை இரண்டாண்டுகள் முதன்மை அணியிலேயே வைத்திருக்க வேண்டும், பயிற்சிக்காகச் சிறு அணிகளுக்கு அனுப்பலாகாது என்றொரு விதி அக்காலத்தில் இருந்தது. பணக்கார அணிகள் இளைஞர்களை வாங்கிக் குவிப்பதைத் தடுக்க உரிமையாளர்களே தமக்குள் செய்துகொண்ட ஏற்பாடு அது. விளைவு என்ன? பத்தொன்பது வயதுப் பையன், வெற்றிக்காகப் போராடும் அணியொன்றின் இருக்கையில் உட்கார்ந்திருந்தான். எறியக் கற்றுக்கொள்ள வேண்டிய வயதில் எறிய வாய்ப்பில்லை. அபூர்வமாக வாய்ப்பு வந்தால், அடுத்தது எப்போது வருமோ என்ற பதற்றத்தில் உடம்பிலுள்ள வலிமை அத்தனையையும் திரட்டி எறிந்தான். பந்து எங்கெங்கோ போயிற்று. 1955 ஆகஸ்டில் சின்சினாட்டி அணிக்கெதிராக இரண்டே அடிகள் கொடுத்து, 14 பேரை ஸ்ட்ரைக் அவுட் செய்து வென்றார். அதற்குப் பிறகும் வாய்ப்பு ஒழுங்காக வரவில்லை. அவ்வாண்டு டாட்ஜர்ஸ் முதன்முறையாக உலகத் தொடரை வென்றபோது, ஆடாமல் பார்த்துக்கொண்டிருந்த கோஃபாக்ஸ், அன்று மாலை கொலம்பியா பல்கலைக்கழகத்தில் தம் கட்டடக்கலை வகுப்புக்குப் போய்விட்டார். நகரமே கூத்தாடிக்கொண்டிருந்த மாலை அது. இக்காட்சியை ஒரு நாவலாசிரியர் கற்பனை செய்து எழுதியிருந்தால், மிகை என்று நாம் விமரிசித்திருப்போம்.

முதல் ஆறு ஆண்டுகளில் அவர் வென்றவை 36, தோற்றவை 40. அணி 1958இல் லாஸ் ஏஞ்சலிஸுக்குக் குடிபெயர்ந்தபோது அவரும் போனார், நிலைமை மாறவில்லை. 1960ஆம் ஆண்டுப் பருவத்தின் முடிவில் தம் காலணிகளையும் கையுறைகளையும் குப்பைத்தொட்டியில் எறிந்துவிட்டுப் போனார் என்றும், ஆடையறைப் பொறுப்பாளர் நோப் கவானோ அவற்றை எடுத்துப் பத்திரப்படுத்தினார் என்றும் சொல்வார்கள். அடுத்த வசந்தத்தில் பயிற்சி ஆட்டமொன்றுக்காக ஆர்லாண்டோ போயிருந்தபோதுதான் கேட்சர் நார்ம் ஷெர்ரி அவரிடம் ஓர் எளிய விஷயத்தைச் சொன்னார்: இவ்வளவு முரட்டுத்தனமாக எறியாதே, சற்றுத் தளர்த்து. தளர்த்தியபோது பந்து தளரவில்லை. வேகம் அப்படியே இருக்க, குறி மட்டும் கூடிவந்தது. 1961இல் 269 ஸ்ட்ரைக் அவுட். 1903ஆம் ஆண்டிலிருந்து கிறிஸ்டி மேத்யூசன் பெயரில் நின்ற நேஷனல் லீக் சாதனையை அது கடந்தது.

ஆறு ஆண்டுகளை வீணாக்கியது அவருடைய திறமைக்குறைவு என்று சொல்வது வழக்கம். முதலாளிகள் ஒருவரையொருவர் நம்பாமல் செய்துகொண்ட விதியும் அதில் கூட்டுச் சேர்ந்திருந்தது என்பது நம் எண்ணம். பிறகு கிடைத்த ஆண்டுகளும் ஆறே. தொடக்க காலத்தில் அவரை உட்காரவைத்த அதே அமைப்புத்தான் பிற்காலத்தில் அவரை ஓயவிடாமல் எறியவைத்தது.

1961 முதல் 1966 வரையிலான ஆட்டத்தை எண்களால் விரைந்து சொல்லிவிடலாம். வெற்றி 129, தோல்வி 47. ஒன்பது இன்னிங்ஸுக்கு ஒருவர் விட்டுக்கொடுக்கும் ஓட்டங்களின் சராசரியில் 1962 முதல் ஐந்தாண்டுகள் தொடர்ந்து லீகில் முதலிடம். 1962, 1963, 1964, 1965 என்று ஆண்டுக்கொன்றாக, எதிரணியில் ஒருவர்கூடப் பந்தை அடித்துத் தளம் சேர இயலாத நான்கு ஆட்டங்கள். 1963 உலகத் தொடரின் முதல் ஆட்டத்தில் நியூயார்க் யாங்கீஸ் அணியினர் 15 பேரை ஸ்ட்ரைக் அவுட் செய்தார். 1965இல் மொத்தம் 382. நோலன் ரையன் 1973இல் ஒன்றே ஒன்று கூடுதலாக எடுத்து அதை முறியடித்தார்.

இவ்வெண்களை மந்திரம் போல ஓதுகிறவர்களிடம் சில கேள்விகள் கேட்கப்படவேண்டும். 1962இல் திறக்கப்பட்ட டாட்ஜர் மைதானம் பிட்சர்களுக்குச் சாதகமானது. அங்கே அவருடைய சராசரி 1.37. 1963இல் ஸ்ட்ரைக் எல்லை விரிவாக்கப்பட்டது. மண்மேடு அன்று பதினைந்து அங்குலம். பிட்சர்களின் ஆதிக்கம் பொறுக்கமாட்டாமல் 1969இல் அதைப் பத்தாகக் குறைத்தார்கள். காலமும் களமும் கோஃபாக்ஸுக்குத் துணைநின்றன என்பதை மறைத்துப் பேசுவது பக்தி, விமரிசனமாகாது. ஆனால் அதே காலத்தில், அதே உயர மேட்டில் நின்ற மற்றவர்கள் அவரை எட்டவில்லை என்பதும் உண்மை.

1965 செப்டம்பர் 9ஆம் நாள் இரவு சிகாகோ கப்ஸ் அணிக்கெதிரான ஆட்டத்தைப் பற்றி ஒரு பத்தியாவது எழுதாமல் இருக்க நம்மால் இயலவில்லை. 27 பேர் வந்தார்கள், 27 பேரும் போனார்கள். ஒருவரும் முதற்தளத்தை மிதிக்கவில்லை. கடைசி ஆறு பேரும் ஸ்ட்ரைக் அவுட். எதிரணியின் பிட்சர் பாப் ஹெண்ட்லியும் ஒரே ஓர் அடியைத்தான் கொடுத்தார் என்பதை மறந்துவிடுகிறார்கள். அந்த அடியினாலும் ஓட்டம் வரவில்லை. ஒரு நடை, ஒரு தியாக அடி, ஒரு திருட்டு, கேட்சரின் ஒரு தவறான எறிதல் என்று தற்செயலாக வந்த ஒற்றை ஓட்டத்தில் ஆட்டம் முடிந்தது. வின் ஸ்கல்லி வானொலியில் செய்த அந்த ஒன்பதாம் இன்னிங்ஸ் வருணனை பிற்பாடு எழுத்தில் பெயர்க்கப்பட்டு உரைநடையாகவே படிக்கப்படுகிறது. எழுதி வைத்துக்கொள்ளாமல் வாய்மொழியாகப் பிறந்தது அது. அவ்வப்போது மணியையும் நிமிடத்தையும் சொல்லிக்கொண்டே போவதன் மூலம், கேட்பவர்க்கு ஒரு வரலாற்றுச் சாட்சியின் பொறுப்பை அவர் ஏற்றிவிடுகிறார். ஜேன் லீவி 2002இல் வெளியிட்ட கோஃபாக்ஸ் வாழ்க்கை வரலாற்றில், இந்த ஆட்டத்தின் இன்னிங்ஸ்களை வாழ்க்கை அத்தியாயங்களுக்கு இடையிடையே வைத்துப் பின்னியிருக்கிறார். வாழ்க்கை வரலாறு எழுத விழைவோர் இந்த அமைப்புக்காகவேனும் அந்நூலைப் பார்க்கலாம்.

அந்த இரவில் அந்தக் கை எந்த நிலையில் இருந்தது?

1962இலேயே உள்ளங்கையின் இரத்தநாளம் நசுங்கிச் சுட்டுவிரல் மரத்துப்போய், பருவத்தின் பாதியை இழந்திருந்தார். 1964 ஆகஸ்டில் தளத்துக்குத் திரும்பப் பாய்ந்தபோது இடக்கை மோதியது. சில நாட்களில் முழங்கை வீங்கிற்று. அணியின் மருத்துவர் ராபர்ட் கெர்லன் அதை மூட்டழற்சி என்றார். தேய்ந்த மூட்டு, சரிசெய்ய வழியில்லை. 1965 மார்ச் இறுதியில் ஒருநாள் காலை விழித்துப் பார்த்தபோது உள்ளே இரத்தம் கசிந்து கை முழுதும் கன்றிக் கறுத்திருந்தது. அதன் பிறகுதான் 382 ஸ்ட்ரைக் அவுட்டும், அந்த 27 பேரும்.

எப்படி எறிந்தார் என்பதற்கும் குறிப்புகள் இருக்கின்றன. வலிக்குக் கோடீன் கலந்த மாத்திரை. வீக்கத்துக்கு பூட்டாசொலிடின், பந்தயக் குதிரைகளுக்குக் கொடுக்கப்படும் மருந்து, மனிதருக்குக் கொடுப்பது பிற்பாடு அமெரிக்காவில் கைவிடப்பட்டது. மூட்டுக்குள் கார்ட்டிசோன் ஊசி. ஆட்டத்துக்கு முன் தோளிலும் முதுகிலும் மிளகாயின் காரம் சேர்ந்த களிம்பு. அவர் சட்டையைத் தவறி அணிந்தவர்கள் துடித்துப்போவார்களாம். ஆட்டம் முடிந்ததும் ரப்பர் டியூபால் தைத்த உறையைக் கையில் மாட்டிக்கொண்டு பனிக்கட்டி நீரில் முழங்கையை அமிழ்த்தி உட்கார்ந்திருப்பார். அந்த நிலையில் அவரைச் சுற்றிப் பத்திரிகையாளர் நின்று பேட்டி எடுக்கும் படங்களை நாம் பார்த்திருக்கிறோம். படத்தில் எல்லோரும் இயல்பாகவே இருக்கிறார்கள். அதுதான் நம்மை உறுத்துகிறது.

அவ்வாண்டின் உலகத் தொடர் மினசோட்டா ட்வின்ஸ் அணியோடு. முதல் ஆட்டம் அக்டோபர் 6, யூதர்களின் பாவ மன்னிப்பு நோன்பு நாளான யோம் கிப்பூர். கோஃபாக்ஸ் ஆட மறுத்தார். டான் டிரைஸ்டேல் எறிந்தார், 8-2 என்று தோற்றார்கள். சமயப் பற்றுக்கு இதைவிடச் சான்று வேண்டுமா என்று மேடைகளில் முழங்குவோர் உண்டு. கோஃபாக்ஸோ ஆசாரங்களைத் தவறாது கடைப்பிடித்தவர் அல்லர். அன்று தொழுகையில் அவரைத் தம் பக்கத்தில் பார்த்ததாகச் சொன்னவர்கள் பலர். அவர் விடுதி அறையை விட்டு வெளியே வரவில்லை என்று ஜேன் லீவி எழுதுகிறார். ஒரு சமூகம் தன் மனிதன் தன் அருகில் இருந்தான் என்று நம்ப விரும்புவதில் நமக்குக் குறை காணத் தோன்றவில்லை. நாம் கவனிப்பது வேறு: அணியின் தேவை, தொடரின் தேவை, கோடிக்கணக்கானோரின் எதிர்பார்ப்பு ஆகிய அனைத்தையும் தாண்டி, இல்லை என்று அமைதியாகச் சொல்லும் பழக்கம் அவரிடம் இருந்தது. மறு ஆண்டு நவம்பரில் சொன்னதும் அதே சொல்லே.

இரண்டாம் ஆட்டத்தில் தோற்றார். ஐந்தாம் ஆட்டத்தை ஓட்டமேதும் கொடாமல் வென்றார். இரண்டே நாள் ஓய்வுக்குப் பின் அக்டோபர் 14இல் ஏழாம் ஆட்டத்துக்கு மேடேறினார். வளைபந்து அன்று அவருக்குக் கீழ்ப்படியவில்லை. பெரும்பாலும் வேகப்பந்தையே எறிந்து, 2-0 என்று வென்றார். இதைப் படிக்கும்போதெல்லாம் நம் உள்ளம் பூரிக்கிறது. பூரிப்பது சரியா என்று கேட்டுக்கொள்ளாமலும் இருக்க முடியவில்லை.

இனி நாம் முக்கியமாகக் கருதும் பகுதி. ரசிகர்கள் இதை விரைந்து கடந்துவிடுவார்கள்.

1965இல் டாட்ஜர்ஸ் ஆட்டங்களைக் காண 25 லட்சத்துக்கும் மேற்பட்டோர் மைதானத்துக்கு வந்தனர். கோஃபாக்ஸின் சம்பளம் 85,000 டாலர், டிரைஸ்டேலுடையது 80,000. பேஸ்பால் ஒப்பந்தங்களில் அன்று ஒரு ஷரத்து இருந்தது: ஒப்பந்தக் காலம் முடிந்தாலும் ஆட்டக்காரர் அந்த அணிக்கே உரியவர்; அணி விரும்பினால் ஆண்டுதோறும் புதுப்பித்துக்கொண்டே போகலாம்; அவர் வேறெங்கும் ஆட முடியாது. சம்பளப் பேச்சில் மேலாளர் பஸ்ஸி பவாசி ஒருவருடைய கோரிக்கையைக் காட்டி மற்றவரை மடக்கினார் என்பது இருவரும் ஒப்பிட்டுப் பார்த்தபோதுதான் தெரிந்தது என்பர். 1966 தொடக்கத்தில் இருவரும் சேர்ந்தே பேசுவது என்று முடிவெடுத்தார்கள். மூன்றாண்டுகளுக்கு இருவருக்குமாகப் பத்து லட்சம் டாலர், இருவருக்கும் சமம், ஒருவர் மட்டும் கையெழுத்திடமாட்டார். அவர்களுக்காக வழக்கறிஞர் வில்லியம் ஹேஸ் பேசினார். ஆட்டக்காரர் சார்பில் வேறொருவர் பேசுவதே அன்று அத்துமீறல். பயிற்சி முகாமுக்கு இருவரும் போகவில்லை. திரைப்படமொன்றில் நடிக்க ஒப்புக்கொண்டார்கள். ஒரு மாதத்துக்கு மேல் இழுத்தபின், கோஃபாக்ஸுக்கு 125,000, டிரைஸ்டேலுக்கு 110,000 என்று முடிந்தது.

கேட்டது முழுதும் கிட்டவில்லை, மூன்றாண்டு ஒப்பந்தமும் கிட்டவில்லை என்று கணக்குப் பார்ப்பவர்களைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. அவ்வாண்டிலேதான் எஃகுத் தொழிலாளர் சங்கத்தில் பொருளியலாளராக இருந்த மார்வின் மில்லர், ஆட்டக்காரர் சங்கத்தின் தலைமைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1968இல் முதற் கூட்டு ஒப்பந்தம். குறைந்தபட்சச் சம்பளம் 10,000 டாலரானது. 1975 டிசம்பரில் நடுவர் பீட்டர் சைட்ஸின் தீர்ப்பு அந்தப் பழைய ஷரத்தின் பிடியைத் தளர்த்தியது. இதில் ஒரு சுவையான வினோதம் உண்டு. இருவர் சேர்ந்து நின்ற அந்த நிகழ்ச்சியால் வெருண்ட உரிமையாளர்கள், ஆட்டக்காரர்கள் இனிக் கூட்டுச் சேர்ந்து பேரம் பேசலாகாது என்று ஒப்பந்தத்தில் எழுதக் கேட்டார்கள். அப்படியானால் உரிமையாளர்களும் கூட்டுச் சேரலாகாது என்று எழுதுங்கள் என்றார் மில்லர். எழுதினார்கள். 1980களின் நடுவில் உரிமையாளர்களே இரகசியமாகக் கூடிச் சம்பளத்தை அமுக்கியபோது, அந்த வரியே அவர்களைக் கட்டிப்போட்டது. 1990இல் 28 கோடி டாலர் கொடுத்துத் தீர்த்துக்கொண்டார்கள். தான் வெட்டிய குழியில் தானே விழுவது கதைகளில் மட்டும் நடப்பதன்று.

இந்தப் போராட்டமும் அந்த ஓய்வும் ஒரே மனநிலையின் இரு செயல்கள் என்பது நம் கருத்து. இந்தக் கை யாருடையது என்ற கேள்விக்கு மார்ச்சில் ஒரு விடை சொன்னார். நவம்பரில் மறு விடை சொன்னார். உணர்ச்சிவசப்பட்ட முடிவும் அன்று. சான் டியேகோ நாளிதழ் ஒன்றில் எழுதிவந்த ஃபில் காலியர் என்னும் பத்திரிகையாளரிடம், 1966தான் தம் கடைசி ஆண்டு என்று கோஃபாக்ஸ் ஓராண்டுக்கு முன்பே சொல்லியிருந்தார். காலியர் அதை ஓராண்டு முழுதும் தம் நெஞ்சுக்குள்ளேயே வைத்திருந்தார். தம் வாழ்நாளின் ஆகப் பெரிய செய்தியைக் கையில் வைத்துக்கொண்டு எழுதாமலிருந்த அந்த மனிதரையும் இங்கே வணங்கத் தோன்றுகிறது.

ஓராண்டுக்கு முன்பே முடிவெடுத்தவர், பிறகு ஏன் 323 இன்னிங்ஸ் எறிந்தார் என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. அதற்கு நம்மிடம் முழு விடை இல்லை. சம்பளம் ஒரு காரணமாயிருக்கலாம். சக ஆட்டக்காரர்களை நடுவில் விட்டுப்போக மனமில்லாமை இருக்கலாம். தான் செய்வதில் தன்னை மிஞ்சியவரில்லை என்று அறிந்தவனுக்கு வரும் போதையும் இருக்கலாம். எட் லின் துணையோடு அவர் 1966இல் வெளியிட்ட தன்வரலாற்றில், தாம் பேஸ்பாலை விரும்பாத சிந்தனையாளர் என்று பத்திரிகைகள் கட்டிய பிம்பத்தைக் கடுமையாக மறுக்கிறார். அவர் அந்த ஆட்டத்தை நேசித்தார். நேசிக்காதவர் நிறுத்தியிருந்தால் அதில் எழுத என்ன இருக்கிறது?

இலக்கியம் படிப்பவர்களாகிய நம்மிடமுள்ள நோய் இவ்விடத்தில் நினைவுக்கு வருகிறது. எரிந்து சாம்பலான கலைஞனையே நாம் கலைஞன் என்கிறோம். வறுமையில் மாண்டவர், நோயில் கருகியவர், குடியில் அழிந்தவர் ஆகியோர் பெயரைச் சொல்லும்போது நம் குரல் தானே தழுதழுக்கிறது. எழுதிவிட்டு, பென்ஷன் வாங்கிக்கொண்டு, பேரக்குழந்தைகளோடு இருந்தவர் நல்ல எழுத்தாளராகவே இருந்தாலும் ஏதோ குறைவுபட்டவராகத் தோன்றுகிறார். வகுப்பறையில் காவியத் தலைவனின் வீழ்ச்சியை உருகி உருகி நடத்துகிற நமக்கு இதைச் சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது. உருகியது பொய்யில்லை. ஆனால் அவருடைய உடம்பை எரித்து நாம் குளிர்காய்ந்தோம் என்பதும் பொய்யில்லை.

எவ்வளவு பணத்தை இழக்கிறீர்கள் என்று அந்த விடுதியில் ஒருவர் கேட்டார். கை இழந்த ஒருவனிடம், விலை கொடுத்தால் கையைத் திரும்பப் பெறலாம் என்றால், அவன் தன்னிடமுள்ள அத்தனை காசையும் கொடுக்கமாட்டானா என்பது போல விடை சொன்னார் கோஃபாக்ஸ். அவர் அதைத் தத்துவமாகச் சொல்லவில்லை. அது நடைமுறைக் கணக்கு. அப்போதே இடக்கையை முழுதாக நீட்ட முடியாமல், மேலங்கியின் இடக்கையைத் தையற்காரரிடம் கொடுத்துக் குறைத்துத் தைக்கவேண்டியிருந்தது. கெர்லனும் எச்சரித்திருந்தார்.

மருத்துவம் சிறிது முன்னதாக வளர்ந்திருந்தால் என்றொரு வாதமும் உண்டு. 1974இல் இதே டாட்ஜர்ஸ் அணியின் டாமி ஜானுக்கு, கெர்லனின் கூட்டாளியான ஃபிராங்க் ஜோப் முழங்கையில் தசைநார் மாற்றும் அறுவை செய்தார். ஜான் அதன்பின் 1989 வரை ஆடினார். கோஃபாக்ஸின் மூட்டுத்தேய்வு அதே நோயன்று. ஆகவே அந்த அறுவை அவருக்கு உதவியிருக்கும் என்று எளிதாகச் சொல்லிவிட முடியாது. தவிரவும், அறுவைச் சிகிச்சை வந்ததால் முழங்கைகள் காப்பாற்றப்பட்டனவா? இன்று பிட்சர்கள் பதின்பருவத்திலேயே அந்த அறுவைக்குப் போகிறார்கள். முறியும் வரை எறி, முறிந்தால் ஒட்டலாம் என்றாகிவிட்டது. பனிநீர்த் தொட்டி அறுவை மேசையாக மாறியிருக்கிறது, அவ்வளவே.

அவருடைய கடைசி ஆட்டம் 1966 அக்டோபர் 6இல், பால்டிமோர் ஓரியோல்ஸ் அணியோடு. ஐந்தாம் இன்னிங்ஸில் வில்லி டேவிஸ் மூன்று பிழைகள் செய்தார். 6-0 என்று தோல்வி. எதிர்முனையில் வென்றவர் இருபது வயது ஜிம் பாமர். காவியம் கேட்பவர்களுக்கு ஏற்ற முடிவில்லை. பிறகு தொலைக்காட்சியில் வருணனையாளராகச் சேர்ந்தார். அது ஒத்துவராமல் 1973இல் பத்தாண்டு ஒப்பந்தத்தைப் பாதியில் விட்டார். 1972இல் 36 வயதில், புகழ்க்கூடத்துக்குத் தேர்வான மிக இளையவரானார். அந்த வயதில் பலர் ஆடிக்கொண்டிருப்பார்கள். 1979 முதல் 1990 வரை டாட்ஜர்ஸின் சிறு அணிகளில் இளைஞர்களுக்கு எறியக் கற்றுக்கொடுத்தார். தமக்கு மறுக்கப்பட்ட பயிற்சி அது. புகழை வைத்துப் பிழைப்பதில் நாட்டமில்லாமல் ஒதுங்கியிருந்ததைப் பத்திரிகைகள் மர்மம் என்றன. தொந்தரவு செய்யாமல் விடும்படி ஒருவர் கேட்டுக்கொண்டால் அதிலென்ன மர்மம் இருக்கிறது என்று நமக்கு விளங்கியதில்லை.

2022 ஜூன் 18ஆம் நாள் டாட்ஜர் மைதானத்தில் அவருக்குச் சிலை திறந்தார்கள். டிரைஸ்டேல் 1993இலேயே காலமாகிவிட்டார். கோஃபாக்ஸுக்கு அன்று எண்பத்தாறு வயது. தாமே வந்திருந்து, தமக்கு உதவியவர்களுக்கு நன்றி சொல்லிவிட்டு அமர்ந்தார்.